தினமும் போஸ்ட் போட்டும் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை: வீட்டுச் சேவைகளை விற்கும் தனி விநியோகஸ்தர்கள் இணையத்தில் சறுக்கும் இடங்கள்

கேள்வி இதுதான். வீட்டுக்கான இணைய இணைப்பு, கைபேசி இணைப்பு, மின்சாரம் (மின் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்க முடிகிற ஊர்களில்), காப்பீடு மாதிரியான சேவைகளை ஒரு நிறுவனத்தின் சார்பில் கமிஷனுக்கு விற்கும் தனி விநியோகஸ்தர் ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டு மாதமாக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று ஒரு நாள் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறாராம். லைக் வருகிறது, ஆனால் லைக் போடுவதெல்லாம் அதே நிறுவனத்தில் இருக்கும் மற்ற விநியோகஸ்தர்கள். வாடிக்கையாளர் என்று ஒருவரும் வரவில்லை. எங்கே தப்பு செய்கிறேன் என்கிறார்.

நான் இதே வேலையைப் பல வருடம் செய்தவன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் உழைப்பில் குறை இல்லை, எட்டு மாதம் விடாமல் போடுவது சாதாரண விஷயம் கிடையாது. அந்த உழைப்பு போய்ச் சேருகிற இடம்தான் தப்பு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு குழப்பத்தால் நல்ல ஆட்கள் பலர் ஒரு வருடத்துக்குள் மனம் விட்டுப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நாம் விற்பது என்ன என்று பார்ப்போம். ஒரு நல்ல சட்டையைப் படத்தில் பார்த்தால் வாங்கலாமா என்று ஆசை வரும். மின்சார இணைப்பைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது. லைட் எரிகிறது, நெட் ஓடுகிறது என்றால் அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் நினைப்பதே இல்லை. நினைக்கிற சமயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: வீடு மாறும்போது, ஒப்பந்தக் காலம் முடியும்போது, பில் திடீரென்று எகிறும்போது, இருக்கிற சேவை காலை வாரிவிட்டு, புகார் சொல்ல ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்கும்போது. இந்த நான்கில் ஒன்று நடக்கிற அன்றைக்கு அந்த வீட்டுக்காரருக்கு உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வர வேண்டும், இல்லை அவர் தேடும்போது நீங்கள் கண்ணில் பட வேண்டும். மற்ற நாளெல்லாம் 'இன்றே மாறுங்கள், சலுகை முடியப்போகிறது' என்று போட்டால் அது அவருக்கு வெறும் இரைச்சல். ஆறு மாதம் இரைச்சல் கேட்டவர் ஏழாவது மாதம் உங்களை ம்யூட் செய்துவிடுவார். எட்டாவது மாதம்தான் வீடு மாறுவார்.

இன்னொரு விஷயம், இதைப் பயிற்சிகளில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நீங்கள் விற்பதும் உங்கள் நிறுவனம் தன் தளத்தில் நேரடியாக விற்பதும் பெரும்பாலும் ஒரே சேவை, ஒரே விலை. பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு விநியோகஸ்தர் விற்பதும் அதே. அப்படியிருக்க ஒருவர் ஏன் உங்களிடம் வர வேண்டும்? ஃபோன் எடுத்தால் பேச ஒரு ஆள் இருக்கிறார், நாளைக்கு ஏதாவது கோளாறு என்றாலும் அதே ஆளிடம் கேட்கலாம் என்பதற்காகத்தான். நாம் இணையத்தில் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி அந்த ஆளை மறைத்துவிட்டு நிறுவனத்தை முன்னால் நிறுத்துவதில் தொடங்குகிறது.

நிறுவனம் அனுப்பும் படங்களை அப்படியே போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே லோகோ, நடுவில் சிரிக்கும் குடும்பம், கீழே 'மேலும் அறிய மெசேஜ் செய்யுங்கள்'. அதே படத்தை அதே நாளில் அந்த நிறுவனத்தின் எல்லா விநியோகஸ்தர்களும் போடுகிறார்கள். அதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? உங்கள் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட்டால் ஒரு எழுத்தும் மாறாது. நிறுவனம் எல்லோருக்கும் கொடுக்கும் ரெடிமேட் வலைப்பக்கமும் இதே கதைதான். ஒரே வாசகம் ஆயிரம் பக்கங்களில் இருந்தால் கூகுள் அவற்றில் ஒன்றை மூலப் பக்கமாக எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பெரும்பாலும் தேடலில் காட்டாது. அந்த ஒன்று நிறுவனத்தின் சொந்தத் தளமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே அந்தப் பக்கத்தைப் பதிவு செய்யும் படிவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது தேடலில் ஆட்களைக் கூட்டிவரும் என்று நம்பாதீர்கள்.

என்ன எழுதுவது என்று தெரியாததால்தான் அந்தப் படங்களைப் போடுகிறோம், அது எனக்கும் புரிகிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணி, வயதில் என்னைவிட மூத்தவர், 'உங்கள் மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டுமா? என்னை அணுகுங்கள்!' என்று வாரத்துக்கு நான்கு முறை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா, போன வாரம் யாரிடமாவது பில் பற்றிப் பேசினீர்களா என்று கேட்டேன். பேசினேன், ஆனால் அது விற்பனை ஆகவில்லையே என்றார். பரவாயில்லை, நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினோம்:

'போன வாரம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் கரண்ட் பில் மூன்று தடவையாக ஏறிக்கொண்டே போகிறது என்று கூப்பிட்டார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் மூன்றுமே மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போட்ட கணக்கு. மீட்டரில் ஓடும் எண்ணைப் படம் எடுத்து அவர்கள் கம்பெனிக்கே அனுப்பச் சொன்னேன், அடுத்த பில்லில் சரிசெய்துவிட்டார்கள். அவர்கள் கம்பெனி மாறவில்லை, மாற வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் பில்லிலும் உத்தேச அளவு என்று போட்டிருக்கிறதா, ஒரு தடவை பாருங்கள்.'

லோகோ இல்லை, சலுகை இல்லை. பில்லில் அந்த வரி இருக்கும் மூலையை மட்டும் ஒரு படம் வைத்தோம். கீழே இரண்டு பேர் தங்கள் பில்லைப் பற்றிக் கேட்டார்கள். அதில் ஒருவர் நான்கு மாதம் கழித்து வீடு மாறும்போது, எல்லா இணைப்பையும் நீங்களே பார்த்துக்கொடுங்கள் என்று அவரைத்தான் கூப்பிட்டார். விற்காத ஒரு வேலையைப் பற்றி எழுதினதுதான் அவருடைய முதல் விற்பனையைக் கொண்டுவந்தது.

இந்த மாதிரி எழுத விஷயம் கொட்டிக் கிடக்கிறது. 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட், என்று சொல்லிக் கொடுத்த இணைப்பில் டவுன்லோட் ஏன் நொடிக்கு 12.5 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை என்று பலருக்குத் தெரியாது, ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே கணக்கு சரிதான் என்று நாலு வரியில் சொல்லலாம். பின்னறையில் மட்டும் வைஃபை ஏன் படுத்துகிறது? 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸை விடப் பலவீனமானது. ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்துவைக்காமல் வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வைத்தாலே பாதிப் புகார் தீரும். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் இரண்டு யூனிட். வீடு மாறும் அன்று மீட்டர் அளவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் முன்பு இருந்தவர் பயன்படுத்தினதும் உங்கள் தலையில் விழலாம். பழைய நெட்டைத் துண்டிக்கச் சொல்வதற்கு முன்னால் புது இணைப்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் உங்களிடம் ஆட்கள் வாயால் கேட்டிருப்பார்கள். கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதுங்கள், தேடுகிறவரும் அதே வார்த்தையில்தான் தேடுவார். ஒரு எச்சரிக்கை: பில்லைப் படம் எடுத்துப் போடும்போது பெயர், முகவரி, கணக்கு எண், பார்கோடு எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். வாடிக்கையாளரின் முழு பில்லையும் பெருமையாகப் போட்டு, அவர் கோபித்துக்கொண்டு விட்டுப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எனக்கு மனசு ரொம்பக் கஷ்டப்படுகிற விஷயம். காலையில் வாடிக்கையாளருக்கான போஸ்ட், மாலையில் 'என் டீமில் சேருங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்' என்ற போஸ்ட். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் முதலாவதும் செத்துப்போகும். பில்லைக் குறைக்க வழி கேட்க நினைத்தவர், இவரிடம் வாயைத் திறந்தால் நம்மை ஆள் சேர்க்கப் பார்ப்பார் என்று ஒதுங்கிவிடுவார். அதோடு கார் படம், வெளிநாட்டுப் பயணப் படம், கமிஷன் கணக்கின் ஸ்கிரீன்ஷாட் என்று போட்டால், என் பில்லிலிருந்துதானே இந்தப் பணம் போகிறது என்றுதான் அவருக்குத் தோன்றும். இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. 1979இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், விநியோகஸ்தர்கள் மூலம் பொருள் விற்கும் ஆம்வே நிறுவனத்தின் வழக்கில், அந்தத் திட்டம் பிரமிட் திட்டம் (விற்பனையைவிட ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் மோசடி) அல்ல என்று சொன்ன அதே தீர்ப்பில், விநியோகஸ்தர்களின் வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்வதை நிறுத்தவும் உத்தரவிட்டது. வருமானத்தைக் காட்டி ஆள் சேர்ப்பது அவ்வளவு காலமாகக் கண்காணிக்கப்படுகிற விஷயம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் விளம்பர விதிகளும் சிறிய முதலீட்டில் சீக்கிரம் பணம் என்கிற வகை வாய்ப்புகளை, பல அடுக்கு விற்பனையையும் (நமக்குக் கீழே ஆட்களைச் சேர்த்து அவர்கள் விற்பனையிலும் பங்கு வாங்கும் முறை) சேர்த்து, விளம்பரம் செய்ய விடுவதில்லை. தெரியாமல் அதற்குக் காசு கட்டி, விளம்பரக் கணக்கே முடங்கிப்போனவர்கள் உண்டு. டீம் சேர்க்க வேண்டுமென்றால் சேருங்கள், ஆனால் உங்களிடம் சேவை வாங்கித் திருப்தியாக இருக்கிற ஒருவர் தானாக வந்து கேட்கும்போது நேரில் பேசுங்கள்.

இப்போது லைக் கதைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே அதற்கான பதில் இருக்கிறது. டீம் குரூப்பில் ஒரு வழக்கம் இருக்கும்: நான் உன் போஸ்ட்டுக்கு லைக், நீ என் போஸ்ட்டுக்கு லைக், அப்போதுதான் ரீச் வரும், அதாவது நிறையப் பேர் கண்ணில் படும் என்பார்கள். நடப்பது நேர் எதிர். யார் உங்கள் பதிவோடு உறவாடுகிறார்களோ அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும்தான் ஃபேஸ்புக் உங்கள் அடுத்த பதிவைக் காட்டும். எட்டு மாதமாக விநியோகஸ்தர்களே லைக் போட்டதால் உங்கள் பக்கம் விநியோகஸ்தர்களுக்கானது என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் பக்கத்துவீட்டுக்காரருக்கு அது வருவதே இல்லை. ஃபேஸ்புக் 2018 ஜனவரியிலேயே, வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்து, நண்பர்களும் குடும்பத்தினரும் பேசிக்கொள்ளும் பதிவுகளை முன்னால் காட்டப்போவதாக அறிவித்தது. உங்கள் பகுதி மனிதர்கள் இரண்டு பேர் கீழே உண்மையாகப் பேசினால், அது டீம் ஆட்கள் போடும் ஐம்பது 'சூப்பர்' கமெண்டைவிட மேல். அந்தப் பரிமாற்றத்திலிருந்து இன்றைக்கே விலகிவிடுங்கள், சங்கடமாக இருந்தால் காரணத்தைச் சொல்லிவிட்டு விலகுங்கள். தனிப்பட்ட புரொஃபைலையே கடையாக மாற்றி, பெயருக்குப் பதில் நிறுவனப் பெயரை வைத்துக்கொள்வதும் வேண்டாம். அது விதிக்கு விரோதம், 5,000 நண்பர்களோடு நின்றும்விடும். கடைக்கு ஒரு பக்கம் தனியாக இருக்கட்டும், புரொஃபைலில் நீங்கள் மனிதராக இருங்கள்.

உள்ளூர் மக்கள் கூடும் ஆன்லைன் குரூப்புகளில் நடக்கிற ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவர் 'எங்கள் பக்கம் எந்த நெட் நல்லது?' என்று கேட்பார். ஐந்து நிமிடத்தில் ஒரு விநியோகஸ்தர் லிங்க்கைத் தூக்கிப் போடுவார். அவர் டீமிலிருந்து நாலு பேர் வந்து, நானும் இதைத்தான் வைத்திருக்கிறேன், அருமை என்பார்கள், தாங்களும் விற்கிறவர்கள் என்பதைச் சொல்லாமல். ஒருவர் அவர்கள் புரொஃபைலைத் திறந்து பார்த்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் குரூப்பில் அந்த நிறுவனத்தின் பெயரை எடுத்தாலே அட்மின் தூக்கிவிடுவார், நேர்மையாக வேலை செய்கிறவரும் சேர்ந்து அடிபடுவார். கமிஷன் கிடைக்கும் பரிந்துரை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், சொல்லிவிட்டுப் பேசுவதுதான் வியாபாரத்துக்கும் நல்லது. 'நான் இந்த நிறுவனத்தின் விநியோகஸ்தர், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் யோசித்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை எடுத்தாலும், உங்கள் கட்டடம் வரை ஃபைபர் வந்திருக்கிறதா, ஒப்பந்தம் எத்தனை மாதம், நடுவில் விட்டால் என்ன கட்டணம், இந்த மூன்றையும் கேட்டுவிட்டு எடுங்கள்.' லிங்க் இல்லாமல் இப்படி ஒரு பதில் எழுதிப் பாருங்கள். கேட்டவர் மட்டுமில்லை, பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் உங்கள் பெயரை மனதில் வைத்துக்கொள்வார்கள்.

வாட்ஸ்அப்பில் செய்கிற தவறுகளுக்குத் தனியாகவே எழுதலாம். ஃபோனில் இருக்கிற எல்லா எண்ணையும் கேட்காமல் ஒரு குரூப்பில் சேர்ப்பது முதல் தப்பு. ஒருவருடைய எண்ணை முன்பின் தெரியாத நூறு பேருக்குக் காட்டிக்கொடுக்கிறோம் என்று நாம் யோசிப்பதே இல்லை. சரி, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் அனுப்பலாம் என்றால், ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். இந்த இரண்டாவது விஷயம் தெரியாமல், இருநூறு பேருக்கு அனுப்பினேனே ஒருவரும் பதில் போடவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. தெரியாத எண்களுக்குத் தொடர்ந்து அனுப்பினால் அவர்கள் பிளாக் செய்வார்கள், புகார் செய்வார்கள், அது பெருகினால் உங்கள் எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிடும். பல வருடத் தொடர்புகள் எல்லாம் அந்த எண்ணில்தானே இருக்கின்றன? விற்பனைக்கு என்று தனியாக ஒரு எண், அதில் வியாபாரத்துக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வைத்துக்கொள்ளுங்கள். அதில் லேபிள் என்று ஒரு வசதி இருக்கிறது, பாதிப் பேர் தொடுவதே இல்லை. 'பில் அனுப்பியிருக்கிறார்', 'ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் இருக்கிறது', 'இணைப்பு தேதிக்குக் காத்திருக்கிறார்' என்று மூன்று லேபிள் வைத்தாலே உங்கள் வேலை கண்ணெதிரே வரிசையாக நிற்கும்.

யாராவது கேட்டு மெசேஜ் போட்டால் எப்படிப் பதில் சொல்கிறீர்கள்? இதில்தான் கைக்கு வந்த வியாபாரம் நழுவுகிறது. ஒருவர் இரவு ஒன்பதே முக்காலுக்கு, 'புது வீட்டுக்கு 1ஆம் தேதி போகிறோம், நெட் அதற்குள் கிடைக்குமா' என்று கேட்டார். அந்த விநியோகஸ்தர் மறுநாள் மத்தியானம் பதில் போட்டார், அதுவும் எப்படி? ஒரு வணக்கம், பன்னிரண்டு பக்க பிடிஎஃப், ஒரு வீடியோ லிங்க், 'எப்போது ஃபோனில் பேசலாம்?' என்று ஒரு கேள்வி. கேட்டவர் கேட்டது ஆமாவா இல்லையா என்பது மட்டும்தான். 'கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன், புது வீட்டு முகவரியை மட்டும் அனுப்புங்கள். காலை பத்து மணிக்குள் பதில் சொல்கிறேன்' என்று இரவே போட்டிருந்தால் போதும், அவர் வேறெங்கும் போயிருக்க மாட்டார். 2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வந்த ஓர் ஆய்வில், இணையத்தில் விசாரித்தவர்களுக்கு 2,241 அமெரிக்க நிறுவனங்கள் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கின்றன என்று சோதித்தார்கள். 23 சதவீத நிறுவனங்கள் பதிலே சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் பதில் சொன்னவற்றின் சராசரி நேரம் 42 மணி. ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டவர்களுக்கு, அதைவிட ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய ஏழு மடங்கு பேச்சு முன்னேற வாய்ப்பு இருந்தது. பெரிய நிறுவனங்களே இப்படித் தூங்கும்போது, தனி ஆளாக இருக்கிற உங்களுக்கு இது எவ்வளவு பெரிய பலம் பாருங்கள். நீங்கள் தூங்க வேண்டும், அதுவும் நியாயம்தான். அதற்குத்தான் தானியங்கி மெசேஜ் இருக்கிறது, ஆனால் அதில் 'விரைவில் தொடர்புகொள்வோம்' என்று எழுதாமல் எத்தனை மணிக்குப் பதில் வரும் என்று எழுதி, அந்த நேரத்தைக் காப்பாற்றுங்கள்.

'பாதிக்குப் பாதி மிச்சம்' போன்ற வாசகங்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒருவருடைய பில்லைப் பார்க்காமல் அவருக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று உங்களால் சொல்லவே முடியாது. முதல் ஆறு மாதச் சலுகை விலையை மட்டும் சொல்லி, அதற்குப் பிறகு வரும் விலையை விழுங்கினால், ஏழாவது மாதம் அவர் திட்டுவது நிறுவனத்தை இல்லை, உங்களைத்தான், ஏனென்றால் அவருக்குத் தெரிந்த முகம் நீங்கள் மட்டும். பழைய பில்லையும் புதுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சலுகை முடிந்த பிறகு எவ்வளவு, நடுவில் விலகினால் எவ்வளவு என்று அதே தாளில் எழுதி அனுப்புங்கள். மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் இப்போதைக்கு மாறாதீர்கள் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன வீடுகளிலிருந்துதான் எனக்கு அதிகமாக ஆட்களை அனுப்பினார்கள்.

காசு கட்டி விளம்பரம் செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் சரியாகும் வரை அதில் இறங்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். இறங்கினால், ஃபேஸ்புக்கில் போஸ்ட்டுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அமுக்காமல், விளம்பரத்தை அமைக்கும் தனிப் பக்கமான விளம்பர மேலாளரில் (Ads Manager) போய், நீங்கள் நேரில் போய் வரக்கூடிய, சேவை கிடைக்கிற பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். சேவையே இல்லாத இடத்திலிருந்து நாற்பது விசாரிப்பு வந்து என்ன பயன்? விளம்பரத்தைத் தட்டினால் நிறுவனத்தின் முகப்புக்குப் போகக் கூடாது, உங்கள் பெயரும் படமும் எண்ணும் இருக்கிற ஒரு பக்கத்துக்குப் போக வேண்டும். கூகுளில் நிறுவனப் பெயரையே தேடுசொல்லாக வைத்து விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல நிறுவனங்கள் அதைத் தடை செய்கின்றன. நிறுவனப் பெயரை உள்ளே வைத்து டொமைன், அதாவது இணையதள முகவரி, வாங்குவதும் ஆபத்து. 1999 முதல், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் கீழ் இதற்கென்றே ஒரு தகராறுத் தீர்வு முறை இருக்கிறது, வர்த்தகச் சின்னத்தின் உரிமையாளர் முறையிட்டு அந்தப் பெயரைத் தன்வசம் மாற்றிக்கொள்ள முடியும். நீங்கள் மூன்று வருடம் எழுதி ஆட்களைப் பழக்கின முகவரி அவர்கள் கைக்குப் போகும். சொந்தப் பெயரில் டொமைன் வாங்குங்கள். நாளைக்கு நிறுவனம் மாறினாலும், நிறுவனமே கமிஷன் முறையை மாற்றினாலும் உங்கள் பக்கம் உங்களிடம் இருக்கும்.

கூகுள் வரைபடத்தில் வருவதற்கும் இதே எச்சரிக்கை. வாடிக்கையாளரை நேரில் சந்திக்கிறவர்களுக்குத்தான் அங்கே இடம், வெறுமனே விசாரிப்புகளைச் சேகரித்து வேறொருவருக்குக் கொடுப்பவர்களுக்கு இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்தால் முகவரியை மறைத்துவிட்டு, போய் வரும் பகுதியை மட்டும் காட்டலாம். போலி முகவரி, தபால் பெட்டி, பெயரோடு 'மலிவு இணையம் சிறந்த சேவை' என்று ஒட்டுவது, இதெல்லாம் கணக்கை மூட வைக்கும். ரிவ்யூ கேளுங்கள், ஆனால் தள்ளுபடியோ பரிசோ கொடுத்துக் கேட்காதீர்கள், அதுவும் விதிப்படி கூடாது. இணைப்பு வந்து ஒரு வாரம் கழித்து, 'நெட் எப்படி இருக்கிறது, முதல் பில் புரிந்ததா' என்று விசாரித்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அப்போது கேளுங்கள். என்ன நடந்ததோ அதையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், வார்த்தைகளை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் கேள்வியில் இருந்த இன்னொரு வரி: டீமில் தினமும் ஐந்து போஸ்ட் போடச் சொல்கிறார்கள், நிறுத்தினால் பின்தங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்துங்கள், ஒன்றும் ஆகாது. வாரத்துக்கு ஒன்று போதும், மேலே சொன்ன மாதிரி உண்மையில் நடந்த ஒன்று. மிச்ச நேரத்தில் ஒரு நோட்டை எடுத்து, இதுவரை உங்கள் மூலம் சேவை எடுத்தவர்கள், அது உங்கள் அண்ணனும் பக்கத்துவீடும் மட்டுமாக இருந்தாலும் சரி, அவர்கள் பெயரை எழுதி, ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம், இதுவரை பேசிவிட்டு இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் பெயரையும் எழுதுங்கள், அவர்களுடைய ஒப்பந்தமும் எப்போதாவது முடியத்தானே வேண்டும். தேதி தெரியாவிட்டால் கேளுங்கள், முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் ஞாபகப்படுத்தட்டுமா என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தத் தேதிகளை ஃபோன் காலண்டரில் போட்டுவிட்டு, முதலில் வருகிற தேதிக்கு உரியவரை மட்டும் இந்த வாரம் கூப்பிடுங்கள்.